மருமகளுக்கு வாந்தி... 'விசேஷம்' என்றார் மாமியார்!
(புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை)

லாரிகளுக்கும் மலைக்கோட்டைக்கும் பேர் போன ஊர் சங்ககிரி. அதற்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாமே!

தை மாதத்து ராத்திரி. ஆவணியில் கல்யாணமாகி வந்த மருமகள், சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிட்டாள்.

மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏங்கண்ணு, நாள் தள்ளிப் போயிருக்குதா?"

"இல்லீங்க அத்தை... கெறக்கமா வருதுங்க. வயித்தை முறுக்குதுங்க."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். நீ கம்முனு படு!"

லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்த மகனுக்கு அன்றைக்கே போனில் தகவல் போய்விட்டது. மறுநாள் முழுக்க மருமகள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் சரியாகிவிட்டது. பழையபடி மாமியாரோடு தோட்டத்து வேலைக்குப் போனாள். அன்று ராத்திரி மறுபடியும் அதே வாந்தி! இந்தத் தடவை கை காலெல்லாம் ஜில்லிட்டு, முகம் வெளுத்து, வேர்வை கொட்டியது. மாமியார் பயந்துபோய், விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

சிறுநீர் பரிசோதனை செய்தார்கள். கர்ப்பம் இல்லை. காய்ச்சல் இல்லை. மஞ்சள் காமாலை இல்லை. டாக்டரம்மா அந்தப் பெண்ணின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, விரல், முழங்கை வரைக்கும் கறுப்பாகப் பிசின் ஒட்டியிருந்தது.

"என்ன வேலைம்மா பார்க்கறே?"

"பொகையிலைக் காட்டுலீங்க. கண்ணு ஒடிக்கறோம்."

"வாந்தி வந்த ரெண்டு நாளும் அதே வேலையா?"

"ஆமாங்க. அடி எலை கழிச்சு, பக்கக் கண்ணு ஒடிச்சோம். விடியக்காலம் பனியிலேயே போயிருவோமுங்க."

டாக்டரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது 'பச்சைப் புகையிலை நோய்'!

செடியின் மீது கை பட்டாலே வாந்தி வருமா? வரும். எப்படி வருகிறது, வராமல் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? புகையிலைக் காட்டில் வேலை செய்கிறவர்களும், அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் இது.

பூக்கிற சமயத்தில் என்ன நடக்கிறது?

சேலம், நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் கிணற்றுப் பாசனத்தில் விளைவது பெரும்பாலும் மெல்லுகிற புகையிலை. ஐப்பசி, கார்த்திகையில் நாற்று நட்டால் மாசி, பங்குனியில் அறுவடை. இடையில், மார்கழி-தையில், செடி பூ எடுக்கப் பார்க்கும்.

பூக்க விட்டால் சத்தெல்லாம் பூவுக்கும் விதைக்கும் போய்விடும், இலை மெலிந்துவிடும். அதனால் மொட்டு வரும்போதே கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். உச்சியைக் கிள்ளியதும் செடி சும்மா இருக்குமா? ஒவ்வொரு இலைக் கணுவிலிருந்தும் பக்கக் கண்ணு முளைத்துக் கிளம்பும். அவற்றையும் வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணில் உரசிக்கொண்டு பழுத்துக் கிடக்கும் அடி இலைகளையும் கழித்துவிடுவார்கள். அவை விலை போகாது. மேலே இருக்கிற இலைகளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்து, இலை தடித்து, காரம் ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு.

அந்தக் காரத்தின் பெயர்தான் நிகோடின்! லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்துகொண்டு, 1560 வாக்கில் பாரிஸுக்குப் புகையிலையை அனுப்பி வைத்த ழான் நிக்கோவின் பெயரிலிருந்து வந்த சொல் இது. 1828-ல் ஜெர்மனியில் போசல்ட், ரைமன் என்ற இருவர் இந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

நிகோடின் உற்பத்தியாவது இலையில் அல்ல, வேரில்! அங்கிருந்து தண்டு வழியாக ஏறி இலையில் சேருகிறது. பூச்சிகள் தன்னைத் தின்னாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் விஷம் அது. உச்சியைக் கிள்ளினால், தனக்கு ஏதோ ஆபத்து என்று செடி 'நினைத்துக்கொண்டு' வேரில் இன்னும் அதிகமாக நிகோடினைத் தயாரிக்கிறது. அதாவது, கொழுந்து கிள்ளிய பிறகு செடியில் விஷம் ஏறுமுகத்தில் இருக்கிறது. அதே நாட்களில்தான் நம் பெண்கள் செடியின் இடுக்கில் குனிந்து, அடி இலை கழித்து, கண்ணு ஒடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

தோல் வழியாக எப்படி?

'சிகரெட் பிடித்தால் நிகோடின் போகும், புகையிலை போட்டால் போகும். தொட்டால் எப்படிப் போகும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு டாக்டர்கள் சில சமயம் 'நிகோடின் பேட்ச்' என்று ஒரு பிளாஸ்திரி கொடுப்பார்கள். தோளிலோ மார்பிலோ ஒட்டிக்கொண்டால், அதிலிருக்கும் நிகோடின் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே ரத்தத்தில் கலக்கும். பச்சைப் புகையிலை செய்வதும் இதையேதான். ஒரே வித்தியாசம், பிளாஸ்திரியில் அளவு உண்டு; தோட்டத்தில் அளவே கிடையாது!

நிகோடின் தண்ணீரில் கரையக்கூடியது. பனியோ மழையோ இலையில் நிற்கும்போது அந்தத் தண்ணீரில் நிகோடின் கலந்துவிடுகிறது. விடியற்காலையில் வரிசைக்குள் நுழைந்தால் பத்து நிமிஷத்தில் புடவை, ரவிக்கை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். அந்த ஈரத் துணி மதியம் வரைக்கும் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. உடம்பு முழுக்கப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்ட மாதிரி! கை வெடிப்பு, சிராய்ப்பு இருந்தால் இன்னும் சுலபமாக உள்ளே போகும். வெயில் ஏறிய பிறகு வேர்வையும் இதே வேலையைச் செய்கிறது. ஒடித்த கண்ணுகளையும் இலைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் தலையில் சுமந்துகொண்டும் போவது இன்னும் மோசம்.

அறிகுறிகள் என்ன?

குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல், கை கால் சோர்வு... இவைதான் முக்கியமானவை. கூடவே வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, வாயில் எச்சில் ஊறுதல், குளிர்ந்த வேர்வை, முகம் வெளுத்துப்போதல், சிலருக்கு மூச்சுத் திணறல். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும்.

ஆளை ஏமாற்றுகிற சங்கதி ஒன்று உண்டு. தொட்ட உடனே எதுவும் தெரியாது. சாதாரணமாக மூன்று மணி நேரத்திலிருந்து பதினேழு மணி நேரம் கழித்து, சராசரியாகப் பத்து மணி நேரம் கழித்துத்தான் தொந்தரவு ஆரம்பிக்கும். காலை ஆறு மணிக்கு ஒடித்தது, சாயங்காலம் நாலு மணிக்கோ ராத்திரி சாப்பிடும்போதோ தெரியும். அதனால்தான் பழியெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின் மேல் விழுகிறது. 'வெயில் தாக்கிடுச்சு', 'பித்தம்', 'கண்ணு பட்டிருக்கும்' என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புதுப் பெண்ணாக இருந்தால் 'விசேஷம்'!

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும். உடம்பு சரியானதும் மறுபடி வேலை, மறுபடி வாந்தி. காரணம் தெரியாமலே ஒரு பருவம் முழுக்கக் கழிந்துவிடும்.

புது வியாதியா?

இல்லை. தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, புகையிலை வேலை செய்பவர்களுக்குத் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் வருவதை 1713-லேயே குறித்து வைத்திருக்கிறார். ஆனால் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரும் நோய் என்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இதைப் பதிவு செய்தது 1970-ல்தான். 1992-ல் கெண்டக்கி மாநிலத்தில் இரண்டே மாதத்தில் 47 பேர் இந்த நோயோடு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். 12 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. 'தானாகச் சரியாகிவிடும்' என்று எல்லோருமே அலட்சியமாக இருந்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் விஞ்ஞானிகள் குஜராத் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய சிறுநீரில் நிகோடினும், உடம்பு நிகோடினைச் சிதைக்கும்போது உண்டாகும் கோட்டினினும் இருந்தன. கையுறையும் காலுறையும் கொடுத்துப் பார்த்தபோது தொந்தரவு குறைந்தது. 1987-ல் வெளியான ஆய்வு இது. செலவில்லாத சின்னத் தடுப்பே பலன் தருகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தோட்டத்து வரப்பு வரைக்கும் அந்தச் சேதி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்!

"எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

மறுபடி நம் சங்ககிரிக் குடும்பத்துக்கு வருவோம். டாக்டரம்மா சொன்னதை மாமியார் நம்பவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, நானும் இவகூடத்தான் காட்டுக்குப் போறேன். இருபது வருஷமாக் கண்ணு ஒடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "வெத்தலை போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போடுவேனுங்க."

"பொகையிலையோட?"

மாமியார் இடுப்புச் சுருக்குப் பையைத் தொட்டுக்கொண்டு தலையாட்டினார்.

காரணம் அதுதான். தினமும் புகையிலை போடுகிறவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் உடம்பு நிகோடினுக்குப் பழகிப் போயிருக்கும். அவர்களுக்கு இந்த வாந்தி, மயக்கம் குறைவாகத்தான் வரும். எந்தப் பழக்கமும் இல்லாத பெண்களும், பிள்ளைகளும், வேலைக்குப் புதிதாக வந்தவர்களும்தான் சீக்கிரம் படுத்துவிடுகிறார்கள். நல்ல உடம்புதான் முதலில் எதிர்ப்புக் காட்டுகிறது!

'அப்படியானால் நாமும் ஒரு துண்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமே' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். மெல்லுகிற புகையிலை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்ட உண்மை. டாக்டரம்மா மாமியாரையும் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தார். புகையிலையை அடக்கி வைக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

"ஆத்துல குளிக்க வந்தவ சேத்துல மாட்டிக்கிட்ட கதையாப் போச்சே!" என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்படிப் பட்ட திட்டுகள் எல்லாமே புற்றுநோய் ஆகிவிடுவதில்லை. ஆனால் சில அப்படி மாறக்கூடியவை. அதனால் பல் மருத்துவரிடம் காட்டும்படி எழுதிக் கொடுத்து, புகையிலையை விட்டே ஆக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மருமகளுக்காகப் போன மாமியாருக்கு அன்று கிடைத்தது எவ்வளவு பெரிய உதவி!

வந்துவிட்டால் என்ன செய்வது?

* முதலில் வேலையை நிறுத்துங்கள். 'இந்த வரிசையை முடிச்சிட்டு வர்றேன்' என்பது வேண்டாம்.

* நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் குளிக்க வேண்டும். கை, கழுத்து, கக்கம், தொடை... பிசின் ஒட்டிய இடமெல்லாம் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

* நிழலில் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், மோர், இளநீர் கொடுங்கள். வாந்தி அதிகமானால் உப்பு-சர்க்கரைக் கரைசல்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சின்ன ஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. ஒரே மடக்கில் கொடுத்தால் மறுபடி வெளியே வந்துவிடும். வாய் வாயாகக் கொடுக்க வேண்டும்.

* வாந்தி நிற்காமல் போனால், மூச்சு வாங்கினால், மயங்கி விழுந்தால், நாடி மிகவும் மெதுவாகவோ தாறுமாறாகவோ அடித்தால் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். கர்ப்பிணி, குழந்தை, இருதய நோயாளி என்றால் லேசான தொந்தரவுக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

* டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: 'பச்சைப் புகையிலையில் வேலை செய்தேன்' என்பதை! தோட்டத்தில் மருந்து அடித்திருந்தால் அதையும் சொல்லி, முடிந்தால் பாட்டிலையோ அதன் லேபிளையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பூச்சிமருந்து விஷத்திலும் வாந்தி, வேர்வை, எச்சில் எல்லாம் வரும். கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்குவது, சதை துடிப்பது, கண்ணீர் வடிவது ஆகியவை இருந்தால் பூச்சிமருந்தாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

வராமல் தடுக்க...

1. பனி காய்ந்த பிறகு இறங்குங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மழை பெய்த அன்றும் இலை காயும் வரை பொறுங்கள். 'வெயிலுக்கு முன்னே முடிச்சிடலாம்' என்று பார்ப்பது வழக்கம்தான். ஆனால் ஈர இலையோடு மல்லுக்கட்டி, ராத்திரி வாந்தி எடுத்து, மறுநாள் கூலியையும் இழப்பதைவிட ஒரு மணி நேரம் தாமதமாக இறங்குவது லாபம். தோட்டக்காரர்களும் இதை யோசிக்க வேண்டும்.

2. கைக்கு ரப்பர் கையுறை. உள்ளே வேர்வை கட்டினால் அவ்வப்போது கழற்றிக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த கையுறை வேண்டாம்.

3. நம் பெண்கள் வயல் வேலைக்குப் புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். ரொம்ப நல்ல வழக்கம்! அதன்மேல் மார்பிலிருந்து முழங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் தாளை முன்பக்கம் கட்டிக்கொண்டால் ஈரம் உள்ளே இறங்காது. மருந்து மூட்டை வந்த பிளாஸ்டிக்கை மட்டும் பயன்படுத்தக் கூடாது. வெயில் ஏறி இலை காய்ந்ததும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உடம்பு சூடு ஏறிவிடும்.

4. சட்டை நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்று எடுத்துப் போங்கள்.

5. சாப்பிடுவதற்கு முன், தண்ணீர் குடிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் பிசின் போகாது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு சோப்புத் துண்டு இருக்கட்டும்.

6. வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையின் துணியோடு சேர்க்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்பமாக இருப்பவர்கள் புகையிலைக் காட்டுப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நல்லது. தாயின் ரத்தத்தில் கலந்த நிகோடின் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. 'மசக்கை வாந்தி' என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டால், உண்மைக் காரணம் தெரியாமலே போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

பால் கொடுக்கும் தாய்மார்கள், காட்டிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். குளித்து, துணி மாற்றிய பிறகு தூக்குங்கள்.

லீவு நாளில் 'சும்மாத்தானே இருக்கான், ரெண்டு வரிசை ஒடிக்கட்டும்' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதும் நடக்கிறது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் எடை குறைவு. அதே அளவு நிகோடின் அவர்களை அதிகமாகப் பாதிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பேனுக்குப் புகையிலைத் தண்ணீரைத் தலையில் தடவுவது, காயத்துக்குப் புகையிலை வைத்துக் கட்டுவது என்று சில வீடுகளில் பழைய வழக்கம் உண்டு. செடியில் அசுவினிப் பூச்சியைக் கொல்ல நாம் தெளிப்பதும் இதே புகையிலைக் கஷாயம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பூச்சியைக் கொல்வதைக் குழந்தையின் தலையில் ஊற்றலாமா?

கடைசியாக...

புகையிலை போடுகிறவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பயிர் செய்கிறவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில், புகையிலை விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் மாற்று வழி காட்ட வேண்டும், சாகுபடி செய்பவர்களின் உடல்நலத்தைக் காக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. மாற்றுப் பயிருக்கு மாறுவது ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல. ஆனால் பனி காய்ந்த பிறகு வேலையை ஆரம்பிப்பதும், ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுப்பதும் நாளைக்கே செய்யக்கூடியவை!

புகையிலைப் பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இலவச ஆலோசனைத் தொலைபேசி இருக்கிறது: 1800-11-2356. போன் செய்து பேசலாம், காசு கிடையாது.

நம் சங்ககிரி மருமகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

நன்றாக இருக்கிறாள். காலை ஒன்பது மணிக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டுதான் காட்டில் இறங்குகிறாள். அவளைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். மாமியாரின் சுருக்குப் பையில் இப்போது கிராம்பும் ஏலக்காயும் இருக்கின்றன.

"சுத்தமா விட்டுட்டீங்களா?" என்று கேட்டோம்.

"நாக்கு இன்னும் கேக்குதுங்க" என்று ஒப்புக்கொண்டார். "ஆனாப் பேரனோ பேத்தியோ பொறக்கறப்போ தூக்கி முத்தம் குடுக்கோணும்ல? அதுக்கு வாய் நல்லாருக்கோணுமுங்க!"